ரோஷக்காரிக் கல்லும் மெர்சி கெத்தினும்

மெர்சி கெத்தினுக்கு இருபத்தாறு வருடமாக நான்தான் தபால் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் "நல்லா இருக்கியா நெவில்?" என்று கேட்டதை விரல்விட்டு எண்ணிவிடலாம். தினமும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கேட்டைச் சாத்திட்டு வந்தியா?"

கார்ன்ஹோப் கிராமத்தைத் தாண்டி, பாதை மலையேறத் தொடங்கும் இடத்தில் அவருடைய பண்ணை. நூற்றிருபது ஆடுகள், இரண்டு நாய்கள், ஓயாத இடுப்பு வலி. வயது அறுபத்தொன்பது. பிறந்ததும் அதே வீட்டில்தான். வில்ஃப் கெத்தினைக் கல்யாணம் செய்துகொண்டபோதுகூட மெர்சி வீடு மாறவில்லை. வில்ஃப்தான் ஒரு பெட்டியையும் ஒரு துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது.

வீட்டுக்குப் பின்னால் மேல் மேய்ச்சல். அதன் நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கல் நிற்கிறது. அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். மேற்கே வேல்ஸ் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாக மடிந்து கிடக்கும். ஆகஸ்ட் மாதம் எதிர்மலை ஊதாப் பூவாக இருக்கும். நல்ல இடம்தான். மெர்சியைப் பிடித்த கேடும் அதுதான். போதாததற்கு, ஊரார் நடக்கும் பாதை ஒரு கேட் வழியாக அந்த மேய்ச்சலின் குறுக்கே போகிறது. யார் வேண்டுமானாலும் நடக்கலாம், சட்டப்படி தடுக்க முடியாது.

கல்லின் பெயர் ரோஷக்காரி. கல்யாணத்தன்று மாப்பிள்ளை பப்பில் குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுத் தாமதமாக வந்தானாம். மணப்பெண் ஒரு வார்த்தை பேசாமல் மலையேறிப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாளாம். அவன் எவ்வளவு கெஞ்சியும் திரும்பவில்லை. பொழுது சாய்வதற்குள் கல்லாகிவிட்டாள். அதனால், புருஷனும் பெண்டாட்டியும் வாய் திறக்காமல் அந்தக் கல்லை மூன்று சுற்று சுற்றினால் ஆயுசுக்கும் அவர்களுக்குள் சண்டை வராது. சுற்றுலாப் புத்தகங்களில் இது இருக்கிறது. இப்போது எல்லாருடைய போனிலும் இருக்கிறது.

வருகிறவர்கள் ஏற்கெனவே சண்டை போட்டுக்கொண்டுதான் வருவார்கள், இல்லாவிட்டால் ஏன் வருகிறார்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மெர்சியின் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜோடி ஜன்னலைத் தட்டியது. இருவருக்கும் முகம் சிவந்திருந்தது.

"மன்னிக்கணும், ஒரு சந்தேகம். தும்மினா அது பேசினதா ஆகுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நான் தும்மத்தான் செஞ்சேன்," என்றான் அவன்.

"தும்மிட்டு 'சாரி' சொன்னியே! அது என்ன, அதுவும் தும்மலா?"

"ரெண்டாவது சுத்துல நீ 'மெதுவாப் போ'ன்னு சொல்லல?"

"நீ சாணியை மிதிக்கப் போனியே, அதனால சொன்னேன்! மிதிச்சுத் தொலைன்னு விட்டிருக்கணும்!"

மெர்சி கேக் வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "தும்மினா பரவாயில்ல. கேட்டைச் சாத்தினீங்களா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீதானே கடைசியா வந்த?" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மெர்சி கத்தியை வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாய்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்.

இதில் மெர்சியை உள்ளுக்குள் அரித்தது வேறொன்று. அந்தக் கதையைக் கட்டிவிட்டதே அவர்தான்.

அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. கொட்டகையில் ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. மெர்சி முழங்கை வரை ரத்தத்தோடு கன்றின் காலில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் ஒரு தாடிக்காரர் வந்து கொட்டகை வாசலில் நோட்டுப் புத்தகத்தை விரித்தார். சுற்றுலாப் புத்தகம் எழுதுகிறாராம்.

"மேல ஒரு கல்லு நிக்குதே, அதுக்கு ஏதாவது கதை உண்டாம்மா?"

"இல்லைங்க."

"இருக்குமே. பெரியவங்க ஏதாவது சொல்லியிருப்பாங்களே."

"ஒண்ணும் இல்லைங்க. மாடு முதுகு தேய்க்க எங்க தாத்தா நட்ட கல்லு அது."

"அது இருக்கட்டும். ஆதிகாலத்துல என்ன சொன்னாங்க?"

நான்கு முறை கேட்டாராம். முந்தின வாரம்தான் நெல் என்கிற மெர்சியின் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பப்பிலிருந்து ஒரு மணிநேரம் தாமதமாக வந்தார். நெல் மாடியறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, யார் கூப்பிட்டும் இறங்கி வர மறுத்துவிட்டாள். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. மெர்சி கயிற்றை இழுத்துக்கொண்டே அதையே எடுத்துக் கல்லின் தலையில் கட்டிவிட்டார். மூன்று சுற்று, வாய் திறக்கக் கூடாது என்பதெல்லாம் அந்த ஆளின் வாயை மூடுவதற்காகச் சேர்த்தது. அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். கன்று பிழைத்தது. கதையும் பிழைத்துக்கொண்டது.

"நீங்களும் வில்ஃபும் என்னைக்காவது சுத்திப் பார்த்தீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு தடவை. பதினஞ்சு நாள் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தோம், எதுக்குன்னு ஞாபகம் இல்ல. திடீர்னு ஒரு நாள் மத்தியானம் வந்து, 'வாடி, உன் கல்லைச் சுத்திட்டு வரலாம்'னான். பொய்க் கதைன்னு அவனுக்குத் தெரியும், கூப்பிட்டுட்டானேன்னு போனேன். ரெண்டு சுத்து வந்துட்டோம். மூணாவது பாதியில நான் கேட்டுட்டேன்."

"என்னன்னு?"

"கேட்டைச் சாத்தினியான்னு."

வில்ஃப் புல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். சாத்தியிருக்கவில்லையாம். அதைச் சொல்லும்போது மெர்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கோப்பையைக் கழுவத் தொடங்கினார். ஏற்கெனவே கழுவி வைத்த கோப்பை அது.

போன வருடம் ஏப்ரலில், ஆடுகள் குட்டி போடும் காலத்தில், அது நடந்தது. நான் வேனில் வளைவு திரும்பும்போது சாலை முழுக்க ஆடுகள். பதினோரு தாய் ஆடுகள், குட்டிகளோடு. எனக்கு முன்னால் போன ஒரு பார்சல் வண்டி வேலியோரம் நின்றிருந்தது. அதன் முன்னால் ஒரு ஆடு கிடந்தது. ஓட்டி வந்தவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "திடீர்னு வந்துருச்சுங்க, திடீர்னு வந்துருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே நின்றான். இரண்டு குட்டிகள் செத்த ஆட்டின் மடியை முட்டிக்கொண்டிருந்தன.

மேலிருந்து ஓடி வந்த மெர்சி அவனைத் திட்டவில்லை. "நீ போ தம்பி, உன் தப்பில்ல" என்றார். மற்ற ஆடுகளை நாய்கள் ஓட்டிக்கொண்டு போக, அந்த இரண்டு குட்டிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு நாங்கள் மேலே நடந்தோம். கேட் அகலமாகத் திறந்து கிடந்தது. கல்லருகில் ஒரு ஜோடி கைகோத்தபடி சுற்றிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அந்த ஆள் உதட்டில் விரலை வைத்து, "உஷ்!" என்றான்.

நான் மெர்சியின் முகத்தைப் பார்த்தேன். வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராக வீட்டுக்குள் போய் அடுப்பருகே குட்டிகளை விட்டார், பாலைக் காய்ச்சிப் புட்டியில் ஊற்றினார். அப்புறம் சொன்னார்: "போதும் நெவில். வெள்ளிக்கிழமை ஊர் மன்றக் கூட்டம் இருக்குல்ல? எல்லாத்தையும் சொல்லிடறேன். அம்பது வருஷம் ஆச்சு. இந்தக் கழுதைக் கூத்தை நானே முடிச்சு வெச்சுடறேன்."

அந்தக் கூட்டத்தில்தான் கல்லுக்குத் தகவல் பலகை வைப்பது பற்றிப் பேச இருந்தார்கள். மன்றத் தலைவர் ஹாட்ஜெட்ஸ் ஓய்வுபெற்ற பல் மருத்துவர், வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர், பிறர் பேசுவதைக் கேட்டுப் பழகாதவர். நாட்டுப்புறக் கதைகளை ஆராயும் லவீனியா ப்ரௌஸ் என்ற அம்மாளையும் அழைத்திருந்தார். ஊர்க்கூடத்தில் முப்பது பேர் இருந்தோம். மெர்சி நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

எழுந்து நின்று, பசு, கயிறு, தாடிக்காரர், நெல்லின் கல்யாணம் என்று ஒன்று விடாமல் சொன்னார். "அது மாடு சொறிஞ்சுக்கற கல்லு. எங்க தாத்தா ரெண்டு குதிரை வெச்சு இழுத்து நட்டது. கதையைக் கட்டினவ நான். அவ்வளவுதான்" என்று உட்கார்ந்தார்.

பிறகு ப்ரௌஸ் அம்மாள் கனிவாகச் சிரித்தார். அந்தக் கனிவுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"ரொம்ப சுவாரசியமா இருக்கு மிஸஸ் கெத்தின். ஆனா பாருங்க, கல்லாகிப் போன மணப்பெண், மூணு சுத்து, பேசாம இருக்கிறது, இதெல்லாம் ரொம்பப் பழைய அம்சங்கள். ஒரு பத்தொன்பது வயசுப் பொண்ணு திடீர்னு கற்பனை பண்ணியிருக்க முடியாது. சின்ன வயசுல யாரோ சொல்லக் கேட்டிருப்பீங்க. மறந்திருப்பீங்க."

"நான் மறக்கலைம்மா. அந்தக் கன்னுக்குட்டி எந்தக் காலை முதல்ல வெளிய நீட்டுச்சுன்னுகூட எனக்கு ஞாபகம் இருக்கு."

"அதைத்தான் சொல்றேன். அந்தப் பதற்றத்துல, உள்ள புதைஞ்சு கிடந்தது தானா வெளிய வந்திருக்கு. நீங்க அந்தக் கதையோட வாரிசு!"

கைதட்டினார்கள். சத்தியமாகக் கைதட்டினார்கள். "பலகையும் அச்சாகிடுச்சு மிஸஸ் கெத்தின்," என்றார் ஹாட்ஜெட்ஸ், அதோடு விஷயம் முடிந்தது என்பதுபோல.

"அப்போ என் ஆடு?" என்றார் மெர்சி.

"வருத்தமான விஷயம். குறிப்புல பதிஞ்சுக்கறோம்."

வெளியே வந்ததும் மெர்சி கோட்டுப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டார், கழற்றினார், மறுபடியும் மாற்றியே போட்டார். "நான் சொன்ன பொய்யை ஊரே நம்புது. உண்மையைச் சொன்னா எனக்கே பாடம் எடுக்கறாங்க. என்ன ஜென்மங்கடா இது!"

மறுநாள் சனிக்கிழமை. நான் கடிதங்களோடு போனபோது முற்றத்தில் ஒரு இளம் ஜோடி நின்றிருந்தது. பர்மிங்காமிலிருந்து வந்தவர்கள். அந்தப் பெண்ணுக்குக் காலில் வெள்ளை ஷூ, கணுக்கால் வரை சேறு. மெர்சி ஒரு கையில் பால் புட்டியோடு, காலுக்கிடையில் முட்டும் குட்டியோடு நின்றார்.

"சுத்திட்டோம் ஆன்ட்டி, பேசவே இல்ல. இனிமே சண்டை வராதுல்ல?" என்று கேட்டாள் அவள்.

"கேட்டைச் சாத்தினீங்களா?"

"இல்ல... சாத்தணுமா?"

மெர்சி அவளை ஒரு நிமிடம் பார்த்தார். சத்தம் போடக்கூடத் தெம்பில்லாத ஒரு பார்வை. பிறகு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்: "அடடா. அப்போ பலிக்காதே. கேட்டைத் திறந்து போட்டுட்டு வந்தவங்க பின்னாடியே ரோஷக்காரியோட கோபம் வீட்டுக்கு வந்துடும். அந்த மாப்பிள்ளை திறந்து போட்டதாலதானே அவ கல்லானா? உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

அந்தப் பையன் முதலில் ஓடினான். அவள் வெள்ளை ஷூவோடு பின்னால் ஓடினாள். கேட் சாத்தும் சத்தம் முற்றம் வரை கேட்டது. சாத்தியதை இழுத்துப் பார்த்தார்கள், திரும்பி வந்து மறுபடியும் மூன்று சுற்று சுற்றினார்கள்.

மெர்சி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "என் காதுல எதுவும் விழல," என்றேன்.

ஜூன் மாதத்துக்குள் அது எல்லாருடைய போனிலும் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அந்த கேட் ஒரு நாள்கூடத் திறந்து கிடந்ததில்லை. ஒரு ஆடும் சாலைக்கு இறங்கவில்லை. ஆனால் மெர்சிக்கு நிம்மதி வந்ததா என்றால், அதுதான் இல்லை. ஆடுகள் தண்ணீருக்குப் போவதற்காக அவரே திறந்து வைத்த வேறொரு கேட்டையும் சாத்திவிட்டுப் போனார்கள். கொட்டகைக் கதவைச் சாத்தினார்கள். ஒருமுறை மெர்சி கோழிக் கூண்டுக்குள் முட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்கள். நான் போய்த் திறக்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார். மடியில் ஏழு முட்டை, தலையில் கோழி இறகு, வாயில் நான் இங்கே எழுத முடியாத வார்த்தைகள்.

செப்டம்பரில் ஹாட்ஜெட்ஸே தேடி வந்தார். கேட் விஷயத்தைப் பலகையில் சேர்க்க வேண்டுமாம். ப்ரௌஸ் அம்மாள் அது மிகப் பழமையானது என்று எழுதியிருக்கிறாராம். மெர்சி இந்த முறை எதையும் மறுக்கவில்லை.

"சேத்துக்கோங்க. ஆனா தாழ்ப்பாள் தேஞ்சு போச்சு. மன்றமே புது கேட் போடணும். விட்டா தானா சாத்திக்கற மாதிரி, ஸ்பிரிங் வெச்சு."

போட்டார்கள். நல்ல ஓக் மரம். யார் மறந்தாலும் அதுவே போய்ப் பொருந்திக்கொள்ளும். மெர்சி அதைப் பதினைந்து முறை திறந்துவிட்டுப் பார்த்தார். அப்போது அவர் சிரித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. காலைச் சாப்பாட்டு நேரம், ரொட்டியில் மர்மலேட் தடவிக்கொண்டிருந்தார். ஜன்னலில் தட்டும் சத்தம். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பதி. கணவர் தொப்பியைக் கழற்றினார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். நாங்க கேட்டைச் சாத்தறதுக்குள்ள அதுவே சாத்திக்கிச்சு. அது கணக்குல வருமா? இல்ல, நாங்களே சாத்தணுமா?"

மெர்சி ரொட்டியை வைத்தார். கண்ணை மூடினார். நான் பத்து வரை எண்ணினேன்.

"அது சாத்திக்கும்போது ரெண்டு பேரும் கையை அதுமேல வைங்க," என்றார் மெர்சி. "போதும்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்."

அவர்கள் நன்றி சொல்லிவிட்டு மேலே போனார்கள். போகும்போதே அந்த அம்மாள், "பார்த்தீங்களா, நான் அப்பவே கேக்கச் சொன்னேன்" என்று தொடங்கிவிட்டார். மெர்சி ஜன்னலைச் சாத்திவிட்டு, ஆறிப்போன ரொட்டியைக் கடித்தபடி எனக்கு இன்னொரு கோப்பை டீ ஊற்றினார்.