ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் இளக்கம்

ஒரு மோட்டார் சைக்கிளின் பின் ஸ்பிரிங் இரண்டையும் வேண்டுமென்றே வெவ்வேறு அளவில் முறுக்கிவிட்டு, அதை ஒரு கண்டுபிடிப்பென்று நம்பி, மனைவியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போனவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகப்போக நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் மோசமாக இருக்கும்.

நடந்தது போன வருடம், பாடசாலை முதலாம் தவணை தொடங்கிய நேரத்தில், மாத்தளையிலிருந்து பல்லேபொல போகும் பாதையில். என் மனைவி அந்தப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியை. எனக்கும் அதற்குச் சற்று அப்பால் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. வீட்டில் அவளுக்கு டியூஷன் பிள்ளைகள், எனக்குப் புத்தகம். காலையில் பைக்கில் போகும் அந்தக் கொஞ்ச நேரந்தான் எங்கள் இருவருக்கும் சொந்தம். முதல்நாள் வாசித்ததையும் யோசித்ததையும் நான் அங்கேதான் சொல்லி முடிப்பேன். வீட்டில் என்றால் பாதியில் எழும்பிப் போய்விடுவாள். பைக்கில் அது முடியாது.

தவணை தொடங்கிக் கொஞ்ச நாளில் அவளுக்கு இடுப்பு வலி வந்தது. குலுக்கல் தாங்கவில்லை என்றாள். ஆசிரியைகளை ஏற்றிப்போக ஒரு வேன் ஓடுகிறது. அதில் ஓர் இடம் காலியாம்.

"இந்தக் கிழமைக்குள்ள இது சரியாகலன்னா, திங்கக்கிழமையில இருந்து நான் வேன்ல போறேன். சொல்லிட்டேன்."

அன்றைக்கே விசாரணையைத் தொடங்கினேன். ஸ்பிரிங்கின் அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கிறது. அதைத் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும், மறுபக்கம் திருப்பினால் இளகும். இதுவரை எல்லோரும் ஒத்துப்போனார்கள். அதற்குப் பிறகு ஆளுக்கொரு கட்சி. கராஜ்காரர், இரண்டு பேர் போவதால் இறுக்கத்தான் வேண்டும் என்றார். அலுவலக நண்பர், இடுப்பு வலிக்கு இறுக்கினால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், இளக்கு என்றார். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்பிரிங்கைத் தொடாதே, சீட்டை மாற்று என்றார். ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது. மூவரையும் கேட்டு முடித்தபோது, கேட்பதற்கு முன்பே எனக்கு அதிகம் தெரிந்திருந்தது போலிருந்தது.

எனவே யூடியூபில் சில காணொளிகளை ஓட்டிப் பார்த்துவிட்டு, நானே யோசித்தேன். டீச்சர்மார் சேலையில்தான் பாடசாலைக்குப் போக வேண்டும். சேலை கட்டியவள் பைக்கில் பக்கவாட்டில்தான் உட்காருவாள். கால் இரண்டும் இடது பக்கம். ஆகவே பாரமும் இடது பக்கம். ஆகவே இடது ஸ்பிரிங்கை நன்றாக இறுக்கி, வலதை இளக்கிவிட்டால் வண்டி சமநிலைக்கு வரும். பைக் செய்தவர்கள் சேலையைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள் என்ற அனுதாபமும் எனக்கு ஏற்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை இந்தத் தத்துவத்தின் மேல் அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். நேரான பாதையில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வளைவில், மணல் சிதறிக் கிடந்த இடத்தில், வண்டியின் பின்பக்கம் தன் பாட்டுக்கு வேறொரு திசையில் போகப் பார்த்தது. பிரேக்கை அழுத்தினேன். இன்னும் ஆடியது. பக்கவாட்டில் உட்காருவதில் உள்ள ஒரே வசதி, இறங்குவது சுலபம். அவள் குதித்துவிட்டாள். நானும் பைக்கும் பாதையோரப் புல்லில் சாய்ந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த லொறி நீளமாக ஹோர்ன் அடித்தபடி, அவளுக்கு ஒரு கை தூரத்தில் கடந்து போனது.

நிமிர்ந்து பார்த்தேன். கையில் பையும் குடையுமாக, பஸ்ஸுக்கு நிற்பவள் போல அவள் நின்றுகொண்டிருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டாள். அந்த வழியால் வந்த முச்சக்கர வண்டிக்காரர் நிறுத்தி, அடிபட்டதா என்று சிங்களத்தில் விசாரித்து, பைக்கைத் தூக்கி நிறுத்தவும் உதவி செய்தார். அவருடைய வண்டியில் ஏறி அவள் பாடசாலைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் நான் பார்த்திருந்த காணொளிகளை மறுபடி போட்டேன். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் ஆரம்பத்திலேயே சொல்கிறார்கள். முன்னுரைகளைத் தாண்டிப் போகும் பழக்கம் எனக்குப் புத்தகத்தில் மட்டும் இருப்பதாக நினைத்திருந்தேன். இரண்டையும் நடுப்படிக்குக் கொண்டுவந்தேன். திங்கட்கிழமை ஒரே ஒரு தடவை வரும்படி கெஞ்சினேன். வலித்தால் மறுநாளிலிருந்து வேன்தான் என்ற நிபந்தனையோடு ஏறினாள்.

அன்று காது முழுக்க ஸ்பிரிங்கில், கண் முழுக்கப் பாதையில். பாடசாலை வாசலில் இறங்கி இடுப்பைப் பிடித்துப் பார்த்தாள். வலிக்கவே இல்லை என்றாள். வேனுக்கு வரவில்லையென்று சொல்லிவிடுவதாகவும் சொன்னாள்.

அடுத்த சில நாள் அலுவலகத்தில் நான் பேசியதெல்லாம் நடுப்படியைப் பற்றித்தான். இரண்டு பேர் தங்கள் பைக்கையும் என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். அந்தத் தைரியத்தில் காலைப் பேச்சையும் மீண்டும் ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும் அவளுக்கு வலியும் மீண்டும் ஆரம்பித்தது. அதே பைக், அதே படி, அதே பாதை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பைக் பக்கத்தில் குந்தினேன். துணி காயப்போட வந்தவள் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத உள்ள வைங்க. அன்னைக்கு நீங்க வாயே தொறக்கல, அதான் வலிக்கல. பேசறப்ப நான் கேக்குறனான்னு திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க. ஒரு பள்ளம் பாக்கி இல்லாம விடுறீங்க."

நடுப்படி உதவியதா, என் மௌனம் உதவியதா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. இரண்டையும் மாற்றாமல் வைத்திருக்கிறேன். இப்போது நான் முன்னால் பார்த்து ஓட்டுகிறேன், அவள் பேசிக்கொண்டு வருகிறாள். பாடசாலை அதிபரைப் பற்றி, இடமாற்றம் கேட்கலாமா என்பதைப் பற்றி, என் தங்கையைப் பற்றி, சில நாள் என்னைப் பற்றியும். இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாதவை அதில் எவ்வளவோ. ஸ்பிரிங்கை முறுக்கப்போய், பக்கத்தில் இருப்பவர் பேசினால் கேட்கலாம் என்பதை இந்த வயதில் கற்றுக்கொண்டேன். அந்த வளைவைத் தாண்டும் ஒவ்வொரு காலையும், அன்று அந்த லொறி இன்னும் ஒரு கை தூரம் ஓரமாக வந்திருந்தால் இந்தக் குரல் எனக்குக் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் ஒருநாள், பாடசாலை வாசலில் அவள் இறங்கியதும், இதை அவளிடமே கொஞ்சம் உருக்கமாகச் சொன்னேன். நீ சொல்லும் ஒவ்வொன்றையும் நான் கேட்டுக்கொண்டுதான் வருகிறேன் என்றேன். உள்ளே போகப் புறப்பட்டவள் திரும்பி வந்தாள்.

"கேட்டுச்சா? உங்க ஹெல்மட்டுக்குள்ள ஒண்ணும் கேக்காதுன்னு நெனச்சுத்தானே பேசிக்கிட்டு வந்தேன்."