கழற்றிய பெட்டி

என் மூத்த மகளுக்கு அப்போது எட்டு மாதம். பொதட்டூர்பேட்டையில் என் தங்கைக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். கணவருக்கு லீவு கிடைக்காததால் மாமனாரை எனக்குத் துணையாக அனுப்பினார். திருவள்ளூரில் ரயிலேறி, ஜங்ஷன் வழியாகத் திருத்தணி போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும்.

மாமனார் முப்பது வருஷம் அரிசி மில்லில் இன்ஜின் ஓட்டியவர். அந்தச் சத்தத்திலேயே இரண்டு காதும் போய்விட்டன. அவரிடம் எதையும் சொல்ல வேண்டுமென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மாமனாரிடம் மருமகள் குரலை உயர்த்துவதா என்று கூச்சமாக இருக்கும். கையைக் காட்டியே சமாளித்துவந்தேன்.

திருவள்ளூரில் வண்டி வந்து நின்றதும் டிக்கெட் பார்ப்பவர் எங்களிடம் சொன்னார்: "கடைசி பொட்டில ஏறிக்கோங்க. ஜங்ஷன்ல அத்த மட்டும் கழட்டி திருத்தணி வண்டில மாட்டுவாங்க. நீங்க எறங்க வேணாம்."

நான் தலையாட்டினேன். மாமனாருக்கு அது கேட்டிருக்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஜங்ஷனில் வண்டி நின்றபோது குழந்தை பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். புட்டியில் கொண்டுவந்த பால் வெயிலில் திரிந்துபோயிருந்தது. புட்டியைக் காட்டி, பிளாட்பாரத்தில் இருந்த டீக்கடையைக் காட்டினேன். மாமனார் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, போய் வா என்று கையசைத்தார்.

கடையில் ஒரே கூட்டம். பால் இன்னும் பொங்கவில்லை, கொஞ்சம் நில்லுங்கள் என்றார் கடைக்காரர். வண்டி அரை மணி நேரம் நிற்கும் என்ற தைரியத்தில் நின்றேன். புட்டியைக் கழுவிப் பாலை ஊற்றி வாங்கிக்கொண்டு திரும்பினால், கடைசிப் பெட்டி நின்ற இடத்தில் வெறும் தண்டவாளம். நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் மிச்ச வண்டியும் ஊதிக்கொண்டு கிளம்பிவிட்டது. நாங்கள் ஏறி வந்த வண்டியில் ஒரு பெட்டிகூட அந்தப் பிளாட்பாரத்தில் இல்லை.

பெட்டியைக் கழற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கே கொண்டுபோனார்கள், எந்தப் பக்கம் போய்த் தேடுவது, ஒன்றும் விளங்கவில்லை.

பெண்கள் வெயிட்டிங் ரூமைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"இன்னாமா, இப்டி நிக்கிற?"

"கடைசி பொட்டி... கொழந்த அதுல இருக்குது. மாமனாரு வச்சிருக்காரு."

"அவ்ளோதானா? யார்டுக்கு இழுத்துகினு போயிருப்பான். மூணாம் நம்பர் பிளாட்பாரத்துக்குத்தான் வரும். வா, நானும் வரேன். ஓடாத, கால் தடுக்கும்."

நான் ஓடினேன். பிளாட்பாரங்களுக்கு மேலே போகும் பாலத்தின் படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. நடுப்பாலத்தில் நின்று பார்த்தபோது, தூரத்தில் எங்கள் பெட்டி மட்டும் தனியாக நிற்பது தெரிந்தது. அதன் வாசல்படியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். குழந்தையைத் துண்டால் மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். ஒவ்வொரு படியாகச் சரிந்து, ஜல்லிக்கல்லில் இறங்கி நின்றார். பிறகு ஸ்டேஷன் இருக்கும் திசையைப் பார்த்து, பக்கத்துத் தண்டவாளத்துக்கு மாறி, அதன் நடுவிலேயே நடக்க ஆரம்பித்தார்.

அவருக்குப் பின்னால், அதே தண்டவாளத்தில், சரக்கு வேகன்கள் வந்துகொண்டிருந்தன. இன்ஜின் கடைசியில் இருந்து தள்ளிக்கொண்டு வந்தது. விடாமல் ஊதியது. அவர் திரும்பவில்லை.

"மாமா" என்று கத்தினேன். அந்த இரண்டு வருஷத்தில் அவரை அவ்வளவு சத்தமாக நான் கூப்பிட்டதே இல்லை. அவர் குனிந்து கல்லைப் பார்த்துக் கால் வைத்து நடந்துகொண்டிருந்தார்.

எனக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்த அம்மாள் கம்பியில் சாய்ந்து, கீழே கொடியோடு நின்ற, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "யோவ், அந்தப் பெரியவரப் பாரு. கொழந்த இருக்குது. இழு, இழு."

அவர் கொடியைப் போட்டுவிட்டு ஓடினார். மாமனாரின் தோளைப் பிடித்து இழுப்பதைப் பார்த்தேன். இருவரும் விழுவதைப் பார்த்தேன். அதற்குள் வேகன்கள் குறுக்கே வந்து மறைத்துவிட்டன. ஒவ்வொன்றாக, மெதுவாக, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தன. அந்த அம்மாள் என் புடவை முந்தானையை முறுக்கிப் பிடித்திருந்தாள். நான் கீழே குதித்துவிடுவேனோ என்று பயந்திருக்க வேண்டும்.

கடைசியில் இன்ஜினும் கடந்து போனது. ஜல்லியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை அழும் சத்தம் பாலம்வரைக்கும் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மாள் என் முந்தானையை விட்டாள்.

நாங்கள் இறங்கிப் போனபோது பாயிண்ட்ஸ்மேன் திட்டிக்கொண்டிருந்தார். "இன்னா பெருசு, இவ்ளோ ஊதறான், காதுல உழல?"

"அவருக்குக் காது கேக்காதுங்க" என்றேன். பாயிண்ட்ஸ்மேன் தம் தலைப்பாகையை அவிழ்த்து மாமனாரின் முழங்கையில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தார். மாமனார் மல்லாந்து விழுந்திருந்தார். அதனால் குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மாமனார் என்னைப் பார்த்து உரத்த குரலில் சொன்னார்: "வண்டி கெளம்பிடுச்சின்னு நெனச்சேம்மா. நீ ஏறவே இல்ல. கொஞ்சம் நின்னுச்சா, எறங்கிட்டேன். உன்ன அங்க உட்டுட்டு நான் மட்டும் எப்டி போறது?"

அவர் காதோரம் குனிந்து, சுற்றி நின்றவர்கள் கேட்கக் கத்தினேன்: "தப்பு எம்மேல மாமா. பொட்டியக் கழட்டுவாங்கன்னு உங்களுக்கு சொல்லாம போய்ட்டேன்."

"சரி உடு. கொழந்தைக்குப் பால் குடு" என்றார்.

வெயிட்டிங் ரூம் குழாயில் அவர் கையைக் கழுவிக் கட்டுப்போட்டு முடிப்பதற்குள் திருத்தணி வண்டி போய்விட்டது. பெட்டியிலேயே விட்டிருந்த எங்கள் துணிமூட்டையும் அதோடு போயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் திருத்தணிக்குப் பேசி அதை இறக்கி வைக்கச் சொன்னார். மத்தியானம் அடுத்த வண்டி வரும்வரை குழந்தையை மடியிலிருந்து நான் இறக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தட்டு மாற்றி முடித்திருந்தார்கள். முழங்கைக் கட்டைப் பார்த்து என் அம்மா விசாரித்ததற்கு, வழியில் விழுந்துவிட்டதாக மட்டும் மாமனார் சொன்னார்.

வீடு திரும்பிய பிறகு நானே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை மாமனார் அவரைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி, "எறங்கினது நானு. அவள எதுக்கு பேஜார் பண்ற?" என்றார். கணவர் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுவிட்டு, போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனார்.