அடிக்காமல் சிவந்த கன்னங்கள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறன்ரோவின் டோர்செட் பார்க் பகுதியில், ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வேன். மேல்மாடியில் இருந்த ஓர் இளம் தாயின் மகளும் அப்படித்தான் வந்தாள். மூன்று வயதுகூட ஆகவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டே குசினிக்குள் திரிவாள். நான் குழைத்துத் தீத்தினால்தான் சோறு இறங்கும். தாய்க்கே அதில் கொஞ்சம் பொறாமை என்று பகிடி பண்ணுவோம்.

பனி கரையத் தொடங்கியிருந்த நேரம் அவளுக்கு லேசான காய்ச்சலும் மூக்கோட்டமும் வந்தன. கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தேன், மாறிவிட்டது. பிறகு ஒருநாள், மத்தியானம் படுத்தெழும்பியவளின் இரண்டு கன்னங்களும் செக்கச்செவேலென்று இருந்தன. தொட்டால் சுட்டது. அவளோ தன்பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் தாய் வந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்னக்கா, கன்னம் இப்பிடிச் சிவந்து கிடக்கு?"

"காலமை வெளியில கூட்டிக்கொண்டு போனனான். குளிர்காத்துப் பட்டிருக்கும்."

தெரியாது என்றே சொல்லியிருக்கலாம். தெரியாததற்கு ஒரு காரணம் சொல்லப்போய் அது வினையாகிவிட்டது. பிள்ளைக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டபடியே அவள் மெல்லக் கேட்டாள்.

"அன்ரி அடிச்சவாவோ?"

பிள்ளை சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாய் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டால் அந்த வயதில் எந்தப் பிள்ளைதான் "ஓம்" சொல்லாது? அவளும் சொன்னாள்.

"நான் அடிக்கேல்லைத் தங்கச்சி" என்றேன். என் காதுக்கே அது பொய்போலக் கேட்டது.

அடுத்த நாளிலிருந்து பிள்ளை வரவில்லை. மேலே போய்க் கதைக்க எனக்கும் துணிவு வரவில்லை.

ஒரு கிழமை கழித்துத் தாய் பிள்ளையோடு வாசலில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. பிள்ளையின் கைகால்களில் வலை பின்னியதுபோலச் சிவப்பு படர, டொக்டரிடம் காட்டினாளாம். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற ஒரு வைரஸ் வருத்தமாம் அது. காய்ச்சல் தடிமன்போலத் தொடங்கி, பிறகு கன்னத்தில் அறைந்ததுபோலச் சிவக்குமாம். சிவப்பு தெரியும்போது பெரும்பாலும் தொற்றுகிற காலம் முடிந்துவிடும், அநேகமான பிள்ளைகளுக்கு மருந்தில்லாமலே மாறிவிடும், பக்கத்தில் கர்ப்பிணிகள் இருந்திருந்தால் அவர்கள் தங்கள் டொக்டரிடம் சொல்ல வேண்டும் என்றாராம்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. பிழையா நினைச்சுப் போட்டன்."

எனக்குக் கோபம் வரவில்லை. பெற்றவளுக்கு அந்தப் பயம் வராமல் யாருக்கு வரும்? "அதை விடுங்கோ" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினேன். அவள் தாயின் பின்னால் ஒளிந்து, இரண்டு கன்னங்களையும் கைகளால் பொத்திக்கொண்டாள்.

"அன்ரி அடிக்கேல்லையம்மா" என்றாள் தாய்.

"அடிச்சவா" என்றாள் பிள்ளை.

பிறகு எவ்வளவோ கூப்பிட்டும் அவள் என்னிடம் வரவில்லை. என் வாசலைக் கண்டாலே அழுதாள். அந்தக் கோடையில் அவர்கள் ஒஷாவாவுக்கு வீடு மாறிப் போய்விட்டார்கள். கன்னத்துச் சிவப்பு சில நாளில் மாறிவிட்டது. கேட்டுக் கேட்டு வாங்கிய அந்த "ஓம்" மாறவேயில்லை. இப்போது அவளே ஒரு தாயாக இருக்கக்கூடும். ஒரு காலத்தில் என் பிள்ளைபோல நான் வளர்த்த அவள் என்னை மறந்தே போயிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.