பழைய பூட்டுக்குப் புது வரி

அவருக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது; உயிரெல்லாம் பழைய பூட்டுகள் மேல். கட்டிலுக்கடியில்கூடப் பூட்டுகள்தான். எல்லாம் இணையச் சந்தையில் வாங்கியவை.

ஒருநாள் ஒரு பித்தளைப் பூட்டுக்குப் பணம் கட்டப்போனால், விலைக்குக் கீழே விற்பனை வரி என்று புதிதாக முளைத்திருந்தது. விளம்பரத்திலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

“ஏங்க, துருப்பிடிச்ச பூட்டுக்குமா வரி?”

“நான் போடலைங்க. இப்பல்லாம் யார் எதை வித்தாலும் அந்தத் தளமே வசூல் பண்ணிடுது,” என்றார் அதை விற்கும் அம்மா. அதே ஊரின் மறுகோடியில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அவர். அவரும் பூட்டு சேர்ப்பவர்தான். “உங்க பூட்டு ஒண்ணு கொண்டாங்களேன், நேர்லயே மாத்திக்கலாம். வரியும் வராது.”

இதைக் கேட்டு லிஃப்ட்காரரின் மனைவி சிரித்தாள். “ஒண்ணு போனாத்தான் ஒண்ணு வருமா? வரி போட்டவங்க நல்லா இருக்கணும்!”

அதுவரை எதையும் கைவிட்டுப் பழகாதவர், ஒரு இரும்புப் பூட்டைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாகத் தவித்துவிட்டுக் கடைசியில் கொண்டுபோனார். அதற்குச் சாவி கிடையாது. அவர் திறந்ததே இல்லை. நர்ஸம்மா கொண்டை ஊசியால் ஒரு நெம்பு நெம்பினார். திறந்துகொண்டது.

அவருக்கு ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். ஆனாலும் பித்தளைப் பூட்டை வாங்கிக்கொண்டு கிளம்பவில்லை. “எப்படிங்க திறந்தீங்க?” என்று கேட்டபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.