கயிறில்லாமல் பாடியவர்: மானிப்பாயிலிருந்து கொழும்புத்துறைக்கு ஒரு படத்தோடு

யாழ்ப்பாணத்தைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எந்த வழியால் போகலாம் என்று கேட்டு எழுதுகிறார்கள். ஒருநாள்தான் கையில் இருக்கிறது என்றால் நான் சொல்வது இந்த வழியை: மானிப்பாயில் தொடங்குங்கள், திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகத்தில் சற்று இறங்குங்கள், பிறகு நல்லூர் வழியாகப் போய்க் கொழும்புத்துறைக் கரையில் முடியுங்கள். எல்லாமாகப் பன்னிரண்டு கிலோமீற்றருக்குள் அடங்கும். ஏற்றம் என்று ஒன்று இல்லை. எதிர்க்காற்று உண்டு, அதுவும் கரையை நெருங்கும்போதுதான்.

நான் இந்த வழியால் முதலில் போனது 1993 மாசியில், ஒரு வெள்ளியும் மறுநாள் சனியும். போனது ஒரு படத்துக்காக.

அப்போது நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்தியாளன். போரால் குடாநாட்டில் மின்சாரம் நின்று மூன்றாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் அருமை. அந்த நிலையிலும் வளாகத்து மாணவர்களின் பட வட்டம் மாதம் ஒரு படம் போட்டது. படம் எடுத்தவர் குடாநாட்டுக்குள்ளேயே இருந்தால் அழைத்துப் பேசவும் வைத்தது. அந்த மாதம் அழைக்கப்பட்டவர் மானிப்பாய் ஆசிரியை ரஞ்சினி. அவருடைய அண்ணன் ரவி கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர். கல்யாணம் இல்லாத நாட்களில் அண்ணனின் கமராவை இரவல் வாங்கிக் கொழும்புத்துறைக்குப் போய்ப்போய் ரஞ்சினி எடுத்தது இருபத்தைந்து நிமிடப் படம். கடலுக்குப் போகத் தடை உள்ள காலத்தில் கடற்றொழிலாளர் ஒரு பகலை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள்.

படம் எடுக்கத் தொடங்கிய அன்றே அவர் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: படத்தில் முகம் தெரிகிற ஒவ்வொருவரும் பார்த்து "ஓம்" என்று சொன்ன பிறகுதான் அது யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியே போகும். கொழும்பில் ஒரு திரையிடலுக்குப் படத்தைக் கேட்டிருந்தார்கள். ரஞ்சினியின் சின்னம்மா ஞாயிறு காலை கொழும்புக்குப் புறப்பட இருந்தார். கசற்றைக் கொண்டுபோக அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. வெள்ளி வளாகத்தில் கொழும்புத்துறைக்காரர் பார்க்க வேண்டும், ஞாயிறு கசற் போக வேண்டும். இடையில் ஒரு சனிக்கிழமை.

வெள்ளி பிற்பகல் ஒன்றரைக்கு மூன்று சைக்கிள்களில் மானிப்பாயை விட்டோம். ரவியின் கரியரில் ஜெனரேற்றர். ரஞ்சினியின் கரியரில் சாரத்தால் சுற்றிய வீடியோ டெக். பதினாலு அங்குல ரீவி என் பின்னால், இரண்டு தலையணைகளுக்கு நடுவில் பிள்ளைத்தாய்ச்சி போல இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் ரவி திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை, மெல்ல. நாளையிண்டைக்கு உதிலை ஒரு கல்யாணம் பாக்கக் கிடக்கு."

"எனக்கு ஒண்டு ஆனாப் பரவாயில்லையோ?" என்றேன்.

"உங்களுக்கு ஆஸ்பத்திரி இருக்கு. ரீவிக்கு ஆர் இருக்கினம்?"

சுதுமலை, தாவடி, கொக்குவில் என்று போனோம். சாதாரணமாக நாற்பது நிமிடத்தில் போகிற தூரம். ரீவியோடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடப் பிடித்தது. வழியில் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். அக்காலத்தில் வண்டிகள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கிளப்புவதற்கு மட்டும், குழந்தைக்குப் பால் கொடுக்கிற சூப்பியில் பெற்றோலை வைத்திருந்து இரண்டு சொட்டு உள்ளே பீச்சுவார்கள். ரவியின் ஜெனரேற்றருக்கும் அதே வைத்தியம்தான். சேட்டுப் பையில் சூப்பி தெரியப் போகிற வளர்ந்த ஆணைப் பார்த்து அந்த நாட்களில் ஒருவரும் சிரிப்பதில்லை.

நுழைவுக் கட்டணம் ஆளுக்குக் கால் போத்தல் மண்ணெண்ணெய். மண்டப வாசலில் ஒரு மாணவர் புனலோடு உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்ததை ஜெனரேற்றருக்கென்று ஊற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். யன்னல்களைச் சாக்காலும் பாயாலும் மூடியிருந்ததால் உள்ளே நல்ல இருட்டு, நல்ல வெக்கை. நூறு பேர் வரை இருந்திருப்பார்கள். முன் வரிசையில் கொழும்புத்துறையிலிருந்து வந்த எட்டுப் பேர். பூசைக்குப் போகிற உடுப்பு உடுத்தியிருந்தார்கள். நடுவில் யோசேப்பு, ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம். பக்கத்தில் மனைவி பிலோமினா. யோசேப்பு முன்பு பருவத்துக்குப் பருவம் முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரையில் வாடி என்கிற ஓலைக் கொட்டில் அடித்துத் தங்கிக் கரைவலை இழுத்தவர். வலை இழுக்கிறவர்கள் சேர்ந்து பாடும் அம்பாப் பாட்டுக்கு அடி எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். படத்தின் நடுவில் அவர் பாடுவது வருகிறது.

மூன்றரைக்குப் படம் தொடங்கியது. கவிழ்த்து வைத்த வள்ளங்கள், பாரை மீன் பொரித்த கதையை ஐந்து விதமாகச் சொல்லுகிற ஒரு கிழவர், வெற்றுக் கூடையோடு சந்தைவரை போய் வருகிற பெண்கள். முன் வரிசை தங்களைப் பார்த்துத் தாங்களே சிரித்தது. "உங்கை பாருங்கோ, என்ரை நடையை! தாரா மாதிரி" என்று பிலோமினா சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. பிறகு யோசேப்பின் முகம் வந்தது. வீட்டு முற்றத்தில் நின்று, கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாடினார். நல்ல குரல். மாணவர்கள் அசையவில்லை. முன் வரிசையில் இருந்த யோசேப்பு மட்டும் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

பாட்டு முடியவில்லை. ரீவியில் படம் நான்கு பக்கமும் சுருங்கி, நெருப்புப் பெட்டி அளவாகி, அணைந்தது. வெளியே ஜெனரேற்றர் இருமிவிட்டு நின்றது.

"ஆரப்பா தண்ணி தந்தது?" ரவியின் குரல் யன்னலுக்குள்ளால் வந்தது.

நடந்தது இதுதான். அந்நாளில் வீட்டுக்கு வீடு ஜாம் போத்தல் விளக்கு. எண்ணெய் குறைந்து திரிக்கு எட்டாமல் போனால், சில வீடுகளில் போத்தலுக்குள் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் கீழே நிற்கும், எண்ணெய் மேலே ஏறித் திரியைத் தொடும். அப்படிப்பட்ட விளக்கை அப்படியே போத்தலுக்குள் கவிழ்த்துக் கொண்டுவந்து யாரோ கட்டணம் செலுத்தியிருந்தார்கள்.

"எங்கடை வீட்டிலை இதிலைதான் அண்ணை விளக்கு எரியுது," என்று ஒரு மாணவர் எழுந்து குற்றத்தை ஏற்றுக்கொண்டார்.

"விளக்குக் குடிக்கும் ராசா. எஞ்சின் குடிக்காது."

தாங்கியைக் கழற்றி, எண்ணெயைத் தெளியவிட்டு, மேலால் வடித்து எடுக்க முக்கால் மணித்தியாலம் வேண்டும் என்றார் ரவி. பட வட்டத்தார் யன்னல் சாக்குகளை நீக்கினார்கள். படம் முடிந்தபின் நடக்க வேண்டிய பேச்சு நடுவிலேயே தொடங்கியது. ரஞ்சினி முன்னால் வந்து நின்று, எப்படி எடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் யோசேப்பு எழுந்துவிட்டார்.

"ரீச்சர், அந்தப் பாட்டு வேண்டாம்."

"ஏன் அண்ணை? நல்லாத்தானே பாடினனீங்கள்?"

"நல்லாப் பாடினதுதான் பிழை. அம்பா கயிறு இழுக்கப் பாடுறது. அஞ்சாறு பேரின்ரை கை ஒண்டாச் சேர வேணும், அதுக்குத்தான் பாட்டு. கையை வீசிக்கொண்டு முத்தத்திலை நிண்டு பாடினது எங்கடை ஆக்களிலை நான் ஒருத்தன்தான். நீங்கள் கேட்டியள், மறுக்க வெக்கமாக் கிடந்தது, பாடினன். இப்ப உதிலை பாக்க, விசரன் மாதிரிக் கிடக்கு."

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஐயா, கிணத்துக் கயிறு கொண்டுவரட்டோ?"

"கிணத்திலை என்ன தம்பி மீன், சூடையோ?" என்றார் யோசேப்பு திரும்பாமலே. மண்டபம் அதிரச் சிரித்தது. ரஞ்சினி சிரிக்கவில்லை.

"அண்ணை, ஒண்டு சொல்லட்டோ? கயிறு இல்லாமல் நிண்டு பாடுறியள். அதுதான் படமே. கடலுக்குப் போக விடேல்லை, வலை வீட்டிலை கிடக்கு, பாட்டு மட்டும் மிஞ்சிக் கிடக்கு. அதைப் பாக்கிறவைக்கு நான் வேறை ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

"அது உங்கடை படம் ரீச்சர். தொண்டை என்ரை."

நான் எத்தனையோ கூட்டங்களுக்குப் போய்ச் செய்தி எழுதியவன். படம் எடுத்தவரும் படத்தில் இருப்பவரும் நேருக்கு நேர் நின்று, இருவருமே சரியாகப் பேசியதை அன்றுதான் கேட்டேன். மாணவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதாடினார்கள். முக்கால் மணித்தியாலம் போனதே தெரியவில்லை. ஜெனரேற்றர் மறுபடி கிளம்பியது, மிச்சப் படம் ஓடியது, கைதட்டினார்கள். முன் வரிசையில் ஏழு பேர் "ஓம்" என்றார்கள். எட்டாவது ஆள் ரஞ்சினியின் கையைப் பிடித்து, "குறை நினைக்காதேங்கோ," என்று சொல்லிவிட்டு, பொழுதுபட முன் வீடு சேர வேண்டும் என்று சைக்கிளை எடுத்தார்.

சனி காலை எட்டு மணிக்கு ரஞ்சினி என் வீட்டு வாசலில் பெல் அடித்தார். நான் வருகிறேன் என்று சொன்னதில்லை. வருவேன் என்று அவர் முடிவு செய்திருந்தார். ரவி வரவில்லை. நல்லூரடியால் இறங்கிக் கொழும்புத்துறைப் பக்கம் திரும்பியதும் காற்று நெஞ்சில் மோதியது. இந்தப் பகுதியில் வேகமாக மிதிக்க முயல வேண்டாம், பயனில்லை. ரஞ்சினி முயன்றார்.

"அவர் மாட்டன் எண்டால்?" என்று கேட்டேன்.

"மாட்டன் எண்டால் கசற் அலுமாரிக்குள்ளை கிடக்கும். சொன்னது சொன்னதுதான்." சிறிது தூரம் மிதித்தார். "ஆனால் அவர் இன்னும் மாட்டன் எண்டு சொல்லேல்லை. பாட்டு வேண்டாம் எண்டுதான் சொன்னவர்."

"பாட்டை வெட்டிவிடலாமே?"

"வெட்டினால் அந்த முகமும் போயிடும். முகத்தை விடமாட்டன்."

யோசேப்பு பூவரச மர நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். அந்த வலை கடலைக் கண்டு நாளாகியிருந்தது. இருந்தாலும் கிழிசல் பார்த்தார். பிலோமினா எங்களுக்குப் பிளேன்ரீயும், கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டும் தந்தார்.

"பேப்பர்க்காரரையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டியள்," என்றார் யோசேப்பு.

"சாட்சிக்கில்லை. காத்துக்கு முன்னாலை விட்டுக்கொண்டு வரலாம் எண்டு," என்றார் ரஞ்சினி. அதற்கும் நான் பயன்படவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு மணித்தியாலம் பேச்சு. ரஞ்சினி முதலில், கயிற்றோடு திரும்ப எடுக்கலாமா என்று கேட்டார். ஆறு பேரைக் கூப்பிட்டுப் பொய்க்கு இழுக்கச் சொல்வது முதல் பிழையிலும் பெரிய பிழை என்றார் யோசேப்பு. பாட்டுக்குப் பதிலாக வேறு இசை போடலாமா என்று ரஞ்சினி கேட்டார். "கல்யாண வீடோ?" என்று பிலோமினா மடக்கினார். ரஞ்சினி எழும்பவில்லை. பிளேன்ரீ ஆறிப் போனது. வலையின் மறு முனையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கிழிசல் இருக்கும் இடங்களை யோசேப்புக்குக் காட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "அண்ணை, சத்தத்தை மட்டும் எடுத்துப்போட்டு முகத்தை விடட்டோ?"

"எப்பிடி?"

"நீங்கள் பாடுறது தெரியும். வாய் அசையும். பாட்டுக் கேளாது. இசையும் இல்லை, கதையும் இல்லை. வெறுமை."

யோசேப்பு ஊசியை வலையில் குத்தி வைத்தார். "ஊமைப் படமோ?"

"அந்தத் துண்டு மட்டும்."

"பாக்கிறவை மெசின் பழுது எண்டெல்லே நினைப்பினம்?" என்றார் பிலோமினா.

"நினைக்கட்டும் அக்கா."

யோசேப்பு கடல் பக்கம் திரும்பினார். உதடுகள் லேசாக அசைந்தன. பாடிப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. சத்தம் வரவில்லை.

"ஓம்," என்றார். "உப்பிடியெண்டால் போகட்டும். என்ரை பாட்டு என்னோடை கிடக்கும். கயிறு வரேக்கை பாடுவன்."

பகல் ஒரு மணிக்கு மானிப்பாய் திரும்பினோம். கல்யாணக் கசற்றில் பாட்டு ஏற்றுகிற அதே டெக்கில், ரவி அந்த நாற்பது செக்கனின் சத்தத்தை அழித்தார். மண்ணெண்ணெயைத் துணியில் இரண்டு தரம் வடித்த பிறகுதான் ஜெனரேற்றரைக் கிளப்பினார். ஞாயிறு காலை சின்னம்மாவின் உடுப்புப் பைக்குள் கசற் போனது.

இனி, போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலை ஆறரைக்குள் மானிப்பாயை விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு வெயில் தாங்காது. பஸ்ஸில் போவதானால் யாழ்ப்பாண நகருக்கு வந்து இரண்டு தரம் மாற வேண்டிவரும், சில்லறை வைத்திருங்கள். வளாகத்தில் படங்கள் இன்றும் போடுகிறார்கள், எடுத்தவர்கள் வந்து பேசுகிறார்கள். வெளியார் பார்க்கலாமா என்று வாசலில் முதலில் கேளுங்கள். கொழும்புத்துறைக் கரையில் ஆட்களைப் படம் பிடிக்க முன்னரும் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அதனால்தான், எதைச் செய்யச் சொல்லிக் கேட்கிறீர்கள் என்பதை யோசித்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

ரஞ்சினியின் படத்தை அதற்குப் பிறகு நான் நான்கு இடங்களில் பார்த்தேன். நான்கிலும் பாட்டு வருகிற இடத்தில் யாராவது ஒருவர் எழும்பிப் போய் ஸ்பீக்கர் வயரை ஆட்டினார். நீங்கள் எங்காவது பார்க்க நேர்ந்தால், முற்றத்தில் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒருவர் வாயசைக்கும்போது சத்தம் நின்றுபோகும். எழும்ப வேண்டாம். வயரில் ஒரு பழுதும் இல்லை.