பின்னால் வருபவர் ரிப்பனை அவிழ்க்க வேண்டும்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் படிக்கலாம். என் தங்கை வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் யாரும் அப்படி நினைப்பதில்லை. நடந்தது நள்ளிரவிலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எதையும் பிரித்துப் போட்டு, எது எதை இழுக்கிறது என்று பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். காட்டுப் பாதையில் நெடுந்தூரம் ஓடுவதையும் அப்படித்தான் பிரித்துப் பார்த்தேன். ஒரு வருடத் திட்டம். முதலில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம். பேச்சுத் திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பிறகு மேடு. ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையைக் கிழிக்கும், அதனால் இறக்கத்துக்குத் தனிப் பயிற்சி. மூன்று வாரம் தூரத்தைக் கூட்டி, நாலாவது வாரம் குறைக்க வேண்டும். உடம்பு தேறுவது ஓடும்போது இல்லை, ஓய்வில்தான்.

வருடக் கடைசியில் நூறு கிலோமீட்டர் பந்தயம். மாப்பிள்ளை ஓட வேண்டும். நான் ‘கடைசி ஆள்’ வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தேன். பந்தயப் பாதை முழுக்க ரிப்பன் கட்டியிருக்கும். கடைசி ஆள் எல்லோருக்கும் பின்னால் வருவார். தனக்கு முன்னால் ஓடுபவரைத் தாண்டக் கூடாது. அவர் கடந்துபோன ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும்.

மாப்பிள்ளை பஸ் ஓட்டுநர். சர்க்கரை ஏறிக் கிடந்தது. ஓடினால்தான் வேலையில் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“ஆக்ஸிலேட்டரைத் தவிர வேற எதையும் மிதிக்காத கால் மச்சான் இது” என்றார்.

“அண்ணே, கூட்டிட்டுப் போறது நீ. முழுசா திருப்பித் தரணும்” என்றாள் தங்கை.

“என்னடி, வாடகை சைக்கிளா நான்?”

எட்டாவது மாதம். அன்று இருபது கிலோமீட்டர். வழக்கம்போல நான் முன்னால் ரிப்பன் கட்டிக்கொண்டு போனேன், மாப்பிள்ளை அவிழ்த்துக்கொண்டு வந்தார். என்னைத் துரத்தாமல் தன் வேகத்தில் ஓட அவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ரிப்பன் எங்கே இருக்கிறதோ, வழி அங்கே. முடிச்சு என் முடிச்சு. வாலை இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். நான் இடது கைக்காரன், அதனால் வால் எப்போதும் இடப்பக்கம் தொங்கும்.

விசிலுக்கும் விதி இருந்தது. ஒன்று ஊதினால், நலம். மூன்று ஊதினால், ஆபத்து.

6.10-க்குக் கிளம்பினோம். ஏழு மணிக்கெல்லாம் பனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. நான் ஒன்று ஊதினேன். பின்னால் தூரத்தில் ஒன்று கேட்டது.

பிறகு செங்குத்தான மேடு. அங்கே மாப்பிள்ளை நடந்துதான் வருவார். விசில் தள்ளிப்போக வேண்டும். தள்ளிப்போகவில்லை. கிட்டே வந்தது. ஆள் தேறிவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த முறை, நான் விசிலை வாயில் வைப்பதற்குள் பதில் வந்தது.

7.40. வெகு தூரத்தில், கீழே, மெல்லியதாக...

ஒன்று. இரண்டு. மூன்று.

ஆபத்து. மாப்பிள்ளைதான். நான் திரும்பினேன்.

அதற்குள் அவருக்குப் பதில் போய்விட்டது. ஒரே ஒரு விசில். நலம்.

நான் ஊதவில்லை.

அது எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்து வந்தது. எனக்குப் பின்னால், பத்துப் பதினைந்தடியில்.

“மாப்ளே?”

“போங்க மச்சான். வர்றேன்.”

அவர் குரல்தான். அச்சு அசல் அவர் குரல். ஆனால் மூச்சு வாங்கவில்லை.

அந்த மேட்டில்... மூச்சே வாங்கவில்லை.

கடைசியாகக் கட்டிய ரிப்பனைத் தேடினேன். என் முதுகுக்குப் பின்னால் இருந்த கிளை. காலியாக இருந்தது. அதற்கு முந்தியதும் இல்லை.

கீழே ஓடினேன். எதன் மீதும் மோதவில்லை. யாரும் இல்லை. ஓர் இடத்தில் மட்டும், திறந்துவிட்ட குளிர்பெட்டிக்குள் நுழைந்ததுபோல் இருந்தது.

மறுபடியும் மூன்று விசில். இந்த முறை இடப்பக்கம். அங்கே பாதையே கிடையாது.

ஆனால் ரிப்பன் இருந்தது.

நான் அங்கே கட்டவே இல்லை. மாப்பிள்ளை அந்தப் பக்கம் போயிருந்தால் அவிழ்த்திருப்பார், அப்படியும் இருந்தன. புதர்களுக்கு நடுவே, ஒன்றன்பின் ஒன்றாக... நான் விடும் அதே இடைவெளி. திருப்பத்தில் நான் கட்டுவதுபோலவே இரண்டு.

வால் இடப்பக்கம்.

ஓடினேன். அடுத்தது. அடுத்தது.

கடைசி ரிப்பனுக்கு அப்பால் தரை இல்லை.

கீழே பாறையில் மாப்பிள்ளை கிடந்தார். இரண்டு காலும் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தன. கையில் விசில்.

மீட்பு ஆட்கள் வந்து தூக்க மதியம் ஆகிவிட்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. சர்க்கரை உடம்பு, வலது கால் ஆறவே இல்லை. பஸ் வேலை போனது.

ஒன்பதாம் நாள் அவருக்குப் பேச்சு வந்தது. தங்கை பக்கத்தில் இருந்தாள்.

“ஏன் மச்சான் அப்படிப் பண்ணீங்க?”

“நான் கட்டலை மாப்ளே.”

“முடிச்சு உங்க முடிச்சு.”

“நான் மேல இருந்தேன். சத்தியமா.”

“வழி சரியில்லையேன்னு மூணு ஊதினேன். நீங்க ஒண்ணு ஊதுனீங்க. அப்புறம் பனிக்குள்ள நின்னு, வாங்க வாங்கன்னு கையை ஆட்டுனீங்க. இடது கையை. நான் விழும்போது சிரிச்சீங்க மச்சான்.”

தங்கை எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். “போ” என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. தடுமாறி விழுந்தவர் குழப்பத்தில் சொல்கிறார் என்று போலீஸ் விட்டுவிட்டது. அவள் விடவில்லை. விடவும் மாட்டாள்.

ஓட்டத்தை அன்றோடு விட்டேன். காலணிகளைக் குப்பையில் போட்டேன். கடைசி ஆள் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. பந்தய நாளன்று முழுக்க ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கயிறு மாற்றிக்கொண்டிருந்தேன். கூட மூன்று பேர் வேலை செய்தார்கள். கேட்டால் சொல்வார்கள்.

மறுநாள் காலை பந்தயம் நடத்துபவர் போன் செய்தார்.

“சார், ரொம்ப நன்றி. இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமா யாரும் பண்ணதில்லை. ஒரு ரிப்பன்கூட மிச்சம் இல்லை. மூட்டையை மேசை மேல வெச்சுட்டு சொல்லாமலே போயிட்டீங்களே?”

“நான்... வரலையே.”

அவர் சிரித்தார். “விளையாடாதீங்க சார். நீங்க கையை ஆட்டுனீங்க, நானும் ஆட்டினேன். அது இருக்கட்டும், ஒரே ஒரு விஷயம்...”

“என்ன?”

“உங்களுக்கு முன்னால ஓடின கடைசிப் பொண்ணு இன்னும் வந்து சேரலை. நீங்கதானே அவங்க பின்னாலயே வந்தீங்க... எந்தப் பக்கம் போனாங்க?”