அகராதி சொன்ன 'க்ளோஸ்'

அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்த அவரை எல்லோரும் அகராதி என்றுதான் கூப்பிட்டார்கள். தொழில் வார்த்தையை யாராவது பிசகாகச் சொன்னால் விடமாட்டார். "மெஷின் நின்னுபோச்சுன்னா என்ன அர்த்தம்? நாம நிறுத்தினா ஸ்டாப்பு, அதுவா விழுந்தா ட்ரிப்பு. இதுல எது, சொல்லு!" என்று ஆளை உலுக்கி எடுத்துவிடுவார். திமிருக்கும் அதே பேர்தானே என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

அவருடைய தங்கை புருஷன் அங்கேயே பத்து வருஷம் வால்வு பிரிவில் கிடந்தவன். மின்பிரிவுக்கு மாறி மூன்றே வாரம். அன்று காலை போனில் கேட்டான்: "மச்சான், மூணாம் பேனல் பிரேக்கர் என்ன நிலைமை?"

"க்ளோஸ், மாப்ளே."

வால்வு க்ளோஸ் என்றால் தண்ணீர் நிற்கும். பிரேக்கர் க்ளோஸ் என்றால் மின்சாரம் ஓடும். அவன் காதில் விழுந்தது வால்வு. வேலைக்கான அனுமதிச் சீட்டு மெதுவாக வரட்டும் என்று பேனலைத் திறந்து, உள்மூடியைக் கழற்றி ஸ்பேனரை உள்ளே விட்டான்.

கட்டடமே ஒரு குலுங்கு குலுங்கியது. அகராதி ஓடி இறங்கியபோது பேனல் கதவு எதிர்ச்சுவரை உடைத்துக்கொண்டு கிடந்தது. தரையெல்லாம் உருகிய செம்பு. மாப்பிள்ளையின் கைத்தோல் கழன்று தொங்கியது.

"போச்சு, ஆளு க்ளோஸ்!" என்று கத்தினான் ஒரு வெல்டர்.

அகராதி அவன் வாயிலேயே குத்தினார். அவன் பல் ஒன்றும் இவர் விரல் எலும்பு ஒன்றும் போயின.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை செருப்பைக் கழற்றினாள். அறுந்துபோகும்வரை அடித்தாள். "அவருக்கு வால்வு பாஷைதான் வரும்னு உனக்குத் தெரியாதா? 'கரண்டு இருக்கு, தொடாதே'ன்னு சொன்னா உன் வாய் வெந்தா போயிரும்?" அவர் கையை உயர்த்திக்கூடத் தடுக்கவில்லை.

விசாரணையில் பெரிய இன்ஜினியர் அறிக்கையை நீட்டினார். "நீங்க சொன்ன வார்த்தை சரிதான். உங்க மேல தப்பில்ல. கையெழுத்துப் போடுங்க."

அகராதி அதை நாலாகக் கிழித்து மேஜையில் அறைந்தார். "வார்த்தை சரிதான் சார். கேட்டவன் யாருன்னு எனக்குத் தெரியுமே! தப்பு என்னுதுன்னு எழுதுங்க."

கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவரைக் கிடங்குக்கு இறக்கினார்கள். மாப்பிள்ளை பிழைத்தான்; வலது கையில் மூன்று விரல் போயிற்று. பார்க்கப் போனவரின் வயிற்றில், படுத்த வாக்கிலேயே ஓங்கி ஓர் உதை விட்டான்.

"கைதான் போச்சு, காலு இருக்கு. கதவ க்ளோஸ் பண்ணிட்டுக் கெளம்புங்க மச்சான்."

அகராதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசல்வரை போனார். தாழ்ப்பாளில் கை வைத்தவர் திரும்பினார்.

"சாத்தணுமா மாப்ளே, தொறந்து வைக்கணுமா?"